மாடிப்படி கணக்கு: கம்பி கட்டும் முன் ஒரு பத்து நிமிடம்

மதுரை வண்டியூரிலோ திருநகரிலோ ஒன்றரை சென்ட் மனையில் வீடு எழும்பும்போது, ஹாலுக்கும் சமையலறைக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிச்சமிருக்கும் மூலைதான் மாடிப்படிக்குக் கிடைக்கும். "அதெல்லாம் சைட்ல பாத்துக்கலாம் சார்" என்பார் மேஸ்திரி. அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. சுவரைப் பிறகு இடித்து மாற்றலாம். கான்கிரீட் போட்ட படியை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

ஒரு படிக்கு இரண்டு அளவுகள் உண்டு. படியின் உயரம் ரைசர், கால் வைக்கும் அகலம் டிரெட். குடியிருப்பு வீடுகளில் ரைசர் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, டிரெட் 250 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நம்ம ஊர்க் கணக்கில் ஏழரை அங்குலத்துக்குள் உயரம், சுமார் 10 அங்குல அகலம்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதற்கு 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளாண்டெல் சொன்ன கணக்கையே இன்றும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு ரைசரையும் ஒரு டிரெட்டையும் கூட்டினால் 24 அல்லது 25 அங்குலம் வர வேண்டும். அது நாம் இயல்பாக எடுத்து வைக்கும் ஓர் எட்டின் நீளம்.

இப்போது போனில் கால்குலேட்டரைத் திறங்க. கீழ்த்தளத் தரையிலிருந்து மேல்தளத் தரை வரை 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 126-ஐ 7-ஆல் வகுத்தால் 18 ரைசர். டிரெட் 10 அங்குலம் என்றால் 7+7+10 = 24. கச்சிதம்.

ஆனால் வீட்டில் பெரியவர்கள் "லாபம், நஷ்டம்" என்று எண்ணிப் பார்ப்பார்கள். 18 நஷ்டத்தில் முடியும்! ஒற்றைப்படை வேண்டுமென்றால் 17 வைக்கலாம். உயரம் 7.41 அங்குலம், விதிக்குள்தான் வருகிறது, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். 19 வைத்தால் உயரம் 6.63 அங்குலம், ஏறுவது சுகம். அதற்கு டிரெட் 11 அங்குலம் வைத்தால்தான் எட்டு சரியாக விழும். பாதியில் திரும்பும் படியில் 10 ரைசர் உள்ள பக்கத்துக்கு 9 டிரெட், 99 அங்குலம். திரும்பும் இடமான லேண்டிங்குக்கு 3 அடி. மொத்தம் 11 அடி 3 அங்குலம். இதே அமைப்பில் 18 ரைசருக்கு 9 அடி 8 அங்குலம் போதும். சின்ன மனையில் இந்த ஒன்றரை அடி பெரிய விஷயம். பாட்டி மாடிக்குப் போவாரா, ஹால் பெரிதாக வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பலர் கோட்டை விடுவது டைல்ஸ் கணக்கில். கான்கிரீட் படி எல்லாமே 7 அங்குலம் என்று சமமாகப் போட்டாச்சு. பிறகு இரண்டு தளத்திலும் கலவையும் டைல்ஸும் சேர்ந்து இரண்டரை அங்குலம் ஏறுகிறது. படி மேல் கிரானைட் ஒன்றேகால் அங்குலம்தான். விளைவு, முதல் படி 5¾ அங்குலம், கடைசிப் படி 8¼ அங்குலம்! நடுவில் உள்ளவை மட்டும் 7. கீழக்குயில்குடி சமணர் மலையில் பாறையில் வெட்டிய படிகளில் ஏறும்போது ஒவ்வொரு படியையும் பார்த்துத்தான் கால் வைக்கிறோம். வீட்டில் யார் பார்க்கிறார்கள்? இரண்டு படி ஏறியதும் கால் அந்த உயரத்தை மனப்பாடம் செய்துவிடும். ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் இறங்கும்போது தடுமாறுவது இந்த மாறிய படியில்தான். அதனால் இதே கணக்கில் முதல் கான்கிரீட் படியை 8¼, கடைசியை 5¾ என்று போடச் சொல்லுங்க. டைல்ஸ் ஒட்டியதும் எல்லாம் 7 ஆகிவிடும்.

தலை இடிக்காத உயரமும் முக்கியம். படிக்கும் மேலே உள்ள கூரைக்கும் இடையில் 2.2 மீட்டர், சுமார் 7 அடி 3 அங்குலம் வேண்டும்.

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரையும் முதல் தளமுமோ கட்டுபவர்கள் சுயசான்று முறையில் ஒற்றைச்சாளர இணையதளத்தில் (ஆன்லைன்பிபிஏ.டிஎன்.கவ்.இன்) உடனடி அனுமதி பெறலாம். 2024 ஜூலையில் தொடங்கிய வசதி இது. முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை. விதிப்படி கட்டுவேன் என்று உறுதி கொடுப்பது நீங்கள்தான். அதனால் பதிவேற்றும் வரைபடத்தில் படிகளின் எண்ணிக்கை, ரைசர், டிரெட் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்க.

சென்டரிங் பலகை அடித்ததும், கம்பி கட்டும் முன், பக்கச் சுவரில் ஒவ்வொரு படியையும் சாக்பீஸால் வரையச் சொல்லி டேப்பால் அளந்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. டைல்ஸ் போட வருபவருக்கும் அதையே காட்டலாம்.