சூப்பர்வைசர் வேலை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்!

(நமது ஊரிகம் நிருபர்)

மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் காலை ரயிலில் சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறுகிறது. பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய், இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். செக்யூரிட்டி, கார்மெண்ட், ஒர்க்ஷாப், ஆபீஸ் குமாஸ்தா என்று தங்கவயல்காரர் இல்லாத வேலை இல்லை. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பல குடும்பங்களுக்கு இந்த ரயில்தான் சோறு போடுகிறது.

சீசன் டிக்கெட் வாங்க வருகிறவர்கள் வாயிலிருந்து அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "சூப்பர்வைசராகப் போடுகிறேன் என்கிறார்கள் சார், நான் வேண்டாம் என்று சொல்லி விட்டேன்." ஏன் என்று கேட்டால், இங்கிலீஷ் வராது என்பார்கள். கூட வேலை செய்கிறவன் 'கம்பெனி ஆள்' என்று பேசுவான் என்பார்கள். ஏதாவது நடந்தால் நம் தலைதான் உருளும் என்பார்கள். விளைவு என்ன? நேற்று வந்த பையன் அந்த நாற்காலியில் உட்காருகிறான். பத்து வருஷம் வேலை பார்த்தவர் அவனிடம் லீவு கேட்டு நிற்கிறார்.

நம்முடைய அப்பாவும் தாத்தாவும் இதைவிடப் பெரிய பொறுப்பைப் பூமிக்கடியில் ஏற்றவர்கள் என்பதை மறந்து விடுகிறோம்.

மேட் செய்த வேலை

சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோ மீட்டருக்கும் அதிகம். அனல் கொதிக்கும் இடம். 'ராக் பர்ஸ்ட்' என்னும் பாறை வெடிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு கூட்டம் ஆட்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் 'மேட்'. அவருக்கு மேலே போர்மன், அவருக்கும் மேலே மானேஜர். வெள்ளைக்காரன் காலத்தில் மேல் பதவிகள் அவர்கள் கையில்தான் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு ஏணி நமக்கும் திறந்தது.

அந்த ஏணியில் சிபாரிசு மட்டும் போதாது. 1961-ல் வந்த உலோகச் சுரங்க விதிகளின்படி பிளாஸ்டர், மேட், போர்மன், இரண்டாம் வகுப்பு மானேஜர், முதல் வகுப்பு மானேஜர் என்று ஒவ்வொரு படிக்கும் சர்டிபிகேட் உண்டு. தன்பாத்திலுள்ள சுரங்கப் பாதுகாப்பு இலாகாவின் பரீட்சை எழுதித்தான் அதை வாங்க வேண்டும். அதற்கும் முன்னால் சுரங்கத்தில் வேலை செய்த அனுபவம் வேண்டும், முதலுதவிப் பயிற்சியும் வேண்டும்.

மேட் என்ன செய்ய வேண்டும் என்பதையும் விதியே சொல்லியிருந்தது. ஆட்கள் வேலை தொடங்குவதற்கு முன் அவர் இடத்தைப் பார்க்க வேண்டும். ஆபத்து தெரிந்தால் ஆட்களை வெளியே அனுப்பி, வழியை அடைக்க வேண்டும். பார்த்ததைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதியில்லாமல் தன் வேலையை வேறொருவர் தலையில் கட்டக் கூடாது. மாற்று ஆள் வந்து பொறுப்பேற்காமல் இடத்தை விட்டு நகரவும் கூடாது.

இதை அப்படியே பெங்களூருக்குக் கொண்டு போகலாம். கேட்டில் காவல் நிற்கும் பத்துப் பேருக்கு நீங்கள் சூப்பர்வைசரா? ஷிப்டுக்கு அரை மணி முன்னால் போங்கள். விளக்கு எரிகிறதா, குடிதண்ணீர் இருக்கிறதா, யார் வரவில்லை என்று பாருங்கள். போன ஷிப்டுக்காரர் வாயால் சொல்வதை நோட்டில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். தினசரி வரும் சண்டைகளில் பாதி, "நான் சொன்னேன், நீ கேட்கவில்லை" என்ற சண்டைதான். அது எழுத்தில் இருந்தால் உங்கள் தலை உருளாது. எழுதுவதற்குத் தமிழும் கொஞ்சம் கன்னடமும் தெரிந்தால்கூடத் தொடங்கி விடலாம். இங்கிலீஷ் பின்னால் வரும்.

கைரேகை வேலை நிறுத்தம்

எப்படி நிர்வாகம் செய்யக் கூடாது என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1930-ல் சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்ய முற்பட்டன. கைரேகை என்றால் குற்றவாளிகளிடம் எடுப்பது என்று நினைத்திருந்த ஜனங்களுக்கு அது பெரிய அவமானம். ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். அப்போது அவர்களுக்குச் சங்கம் கிடையாது, பெயர் சொல்லும்படி ஒரு தலைவரும் கிடையாது. மூன்று வாரம் சுரங்கம் நின்றது. கடைசியில் கைரேகைத் திட்டம் கைவிடப்பட்டது.

உத்தரவு போடுவதற்கு முன் லைன் வீடுகளில் நாலு பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கும் கைரேகை மெஷின், காமிரா, புது டூட்டி சார்ட் என்று மேலிடம் எதையாவது கொண்டு வந்தபடிதான் இருக்கிறது. அதைக் கொண்டு வந்து மாட்டுகிறவர் சூப்பர்வைசர். எதற்காக என்று அவர் முதலில் மேலே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு கீழே சொல்ல வேண்டும். ஆட்களின் குறையை அதே வேகத்தில் மேலே கொண்டு போகவும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பேசுகிறவருக்குத்தான் 'கம்பெனி ஆள்' என்று பெயர்.

கூட இருந்தவர்களுக்கு மேலே போவது சங்கடமான காரியம் என்பதை மறுக்கவில்லை. நேற்று வரை 'அண்ணே' என்று கூப்பிட்டவரை இன்றும் அண்ணே என்றே கூப்பிடுங்கள். தப்பு செய்தால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். தீபாவளி, பொங்கல் லீவையும் ஓவர்டைமையும் முறை வைத்து எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டுங்கள். ஒன்று முக்கியம்: உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் சீட்டு நடத்தாதீர்கள், கைமாற்றும் வாங்காதீர்கள்.

காகிதம் கையில் இருக்கட்டும்

சரி என்று சொல்லும் முன் கவனிக்க வேண்டிய விஷயம் சட்டத்தில் இருக்கிறது. 2010-ல் திருத்தப்பட்ட தொழில் தகராறு சட்டப்படி, சூப்பர்வைசர் வேலை பார்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர் 'தொழிலாளி' அல்ல. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் இந்த வரம்பு 18,000 ரூபாய். அதைத் தாண்டியவர், வேலையிலிருந்து நீக்கினால் தொழிலாளி என்ற முறையில் வழக்காட முடியாது. ஆனால் பதவியின் பெயரை மட்டும் வைத்து இது முடிவாவதில்லை, செய்யும் வேலையைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. பெயருக்கு சூப்பர்வைசர், வேலையும் சம்பளமும் பழையதே என்று சில இடங்களில் ஏமாற்றுகிறார்கள். ஆகவே புதுப் பதவி, புதுச் சம்பளம், யார் யார் உங்கள் கீழ் என்று எழுதிய உத்தரவைக் கேட்டு வாங்குங்கள்.

மத்திய அரசு குமாஸ்தாக்களுக்கு வேறு வழி. இலாகா பரீட்சை அறிவிப்பையும் சீனியாரிட்டி பட்டியலையும் தவறாமல் பாருங்கள். மேலதிகாரி எழுதும் வருடாந்தர அறிக்கை முன்பு ரகசியம், பாதகமாக எழுதியதை மட்டுமே சொல்வார்கள். எல்லாக் குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-ல் தேவ் தத் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2009-ல் மத்திய அரசும் உத்தரவு போட்டது. மதிப்பெண் குறைவு என்று பட்டால் ஆட்சேபம் எழுதலாம். அதற்கு 15 நாள் அவகாசம், அறிக்கை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து.