பீடியை விட்டு வெற்றிலைக்கு மாறினால் சீனி வருத்தம் அடங்குமா?

மட்டக்களப்புப் பக்கத்துச் சீனி வருத்தக் கிளினிக்குகளில் "புகைக்கிறீங்களா?" என்று கேட்டால் வயதான ஆண்கள் பலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "இல்ல டொக்டர், பீடிய எப்பவோ விட்டுட்டன். இப்ப வெத்திலை மட்டுந்தான்." அவர் பொய் சொல்லவில்லை. சொன்னதைக் கேட்டு நீண்ட காலப் பழக்கம் ஒன்றைக் கைவிட்டவர் அவர். கொப்பியில் "புகைப்பதில்லை" என்று பதிவாகும், அடுத்த இலக்கம் கூப்பிடப்படும். அந்த வெற்றிலைக்குள் என்ன வைத்து மடிக்கிறார் என்று கேட்க அங்கே நேரம் இருப்பதில்லை. கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

வட்டாவைப் பாருங்கள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, பாக்குச் சீவல் வைத்து, அதன் மேல் நகக்கண் அளவு புகையிலைத் துண்டு. மென்று கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் அரை மணி நேரம் அங்கேயே இருக்கும். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தில் புகையிலையின் நிக்கொட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாக இன்னும் விரைவாக இரத்தத்தில் சேரும். நெஞ்சுக்குள் புகை போகவில்லை என்பது உண்மை, நல்லதும்கூட. ஆனால் நிக்கொட்டின் வேறு வாசலால் உள்ளே வந்துவிட்டது.

சீனி வருத்தக்காரருக்கு இது ஏன் பெரிய விடயம்? நிக்கொட்டின் அட்ரினலினைக் கிளப்பிவிடும். ஈரல் தன்னிடம் சேமித்து வைத்த சீனியை இரத்தத்தில் விடும். தசைகளும் கொழுப்பும் இன்சுலினின் பேச்சைக் கேட்பது குறையும். புகைப்பவர்களுக்கு வகை 2 நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் தலைமைச் சுகாதார அதிகாரியின் 2014ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. புகையில்லாத புகையிலையும் தப்பவில்லை: சுவீடனில் உதட்டுக்குள் வைக்கும் புகையிலையை அதிகமாகப் பாவிக்கும் ஆண்களிடம் இதே நோய் கூடுதலாக வருவதைக் கண்டிருக்கிறார்கள்.

புகையிலையை எடுத்துவிட்டு வெறும் பாக்கோடு போட்டால்? புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் பாக்கையே தனியாக, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியில் சேர்த்திருக்கிறது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். பாக்குக்கும் இரத்தச் சீனிக்கும் உள்ள தொடர்பையும் தாய்வான் ஆய்வுகள் காட்டியுள்ளன. கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் தட்டத்தில் வரும் வெற்றிலைக்கு இருக்கும் மரியாதையை நான் குறைத்துப் பேசவில்லை. தட்டத்தைத் தொட்டுக் கும்பிட்டு வைத்துவிடலாம்; யாரும் குறை நினைக்கப்போவதில்லை.

இளம் ஆட்களின் மாற்று வேறு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் இ-சிகரட் வருகிறது. இங்கிலாந்தில் சிகரட்டை விட முடியாதவர்களுக்கு இதை ஒரு படியாக வைத்தியர்கள் சொல்வதுண்டு. விடுவதற்கு அது உதவுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே குப்பிக்குள் எவ்வளவு நிக்கொட்டின் இருக்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. இங்கே புகையிலை அடங்கிய இ-சிகரட், வாசனைச் சிகரட், பாபுல் போன்ற புகையில்லாப் புகையிலைப் பொருட்கள் எல்லாவற்றின் உற்பத்தியும் இறக்குமதியும் விற்பனையும் 2016 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தடை செய்யப்பட்டன. ஒளித்து விற்கும் குப்பியில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. சீனி வருத்தக்காரர் இந்தப் பரீட்சையைத் தன் உடம்பில் செய்யக் கூடாது.

இனிக் காலுக்கு வருவோம். நமது பகுதியில் இதைவிட அவசரமான விடயம் இல்லை.

வாவியில் இறாலுக்கு இறங்குபவரும் படுவான்கரையில் வயலுக்கு இறங்குபவரும் வெறுங்காலோடுதான் சேற்றில் நிற்கிறார்கள். சீனி கூடிக்கூடிப் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்கு மட்டி கிழித்ததோ கெளுத்தி முள் ஏறியதோ தெரியாது. வீட்டுக்கு வந்து பாயில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தக் காயம் ஆற இரத்தம் ஓடி வர வேண்டும். புகையிலை காலுக்குப் போகும் நாடிகளைச் சுருக்கி அடைக்கிறது. உணர்ச்சியும் இல்லை, இரத்தமும் இல்லை என்றால் சிறு கீறல் புண்ணாகி, புண் எலும்புக்குப் போய், விரலை எடுப்பதில் தொடங்கிக் காலை எடுப்பதில் முடியலாம். கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கி, நின்றால் விட்டுவிடுகிறதா? அது வயதுக் கோளாறு என்று இருந்துவிடாதீர்கள். நாடி அடைப்பின் முதல் அறிகுறி அது. கிளினிக்கில் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டி, "நரம்பையும் நாடியையும் பாருங்கோ" என்று கேளுங்கள். தண்ணீரில் இறங்கும்போது மூடிய றப்பர் சப்பாத்து, இரவில் விரலிடுக்குவரை ஒரு பார்வை. பாதம் பார்க்கக் குனிய முடியாவிட்டால் மனைவியோ பிள்ளையோ பார்க்கட்டும்.

விடுவது எப்படி? புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் உதவி இலக்கம் 1948. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டல் ஆலோசனையோடு நிக்கொட்டின் பட்டி, சுவிங்கம், இன்னும் சில மாத்திரைகளைப் பரிந்துரைக்கிறது. பட்டியிலும் நிக்கொட்டின்தானே என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் அளவு தெரிந்தது, சில வாரங்களில் குறைத்து நிறுத்துவது, புகையும் பாக்கும் இல்லாதது. மாத்திரைகளில் ஒன்றான பியூப்ரோப்பியன் இன்சுலின் போடுகிறவருக்கு வலிப்பு அபாயத்தைக் கூட்டலாம். எனவே என்னென்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்பதை முழுவதும் சொல்லிவிட்டே எழுதி வாங்குங்கள்.

விட்ட முதல் வாரங்களில் இரண்டு விடயங்களில் கவனம். பீடிக்குப் பதில் டொபியும் சீனி போட்ட பிளேன்டியும் வாய்க்குப் போகத் தொடங்கும், நிறையும் கூடும். அதற்குப் பதிலாக ஏலக்காய், கராம்பு, வெள்ளரிக்காய்த் துண்டு. மற்றது, இன்சுலின் வேலை செய்வது மேம்படுவதால் பழைய அளவு மருந்தே சிலருக்குச் சீனியைக் கீழே இறக்கிவிடும். நடுக்கம், வியர்வை, எரிச்சல் வந்தால் புகையிலை ஏக்கம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருக்காமல் சீனியைச் சோதியுங்கள். 70க்குக் கீழே நின்றால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். மருந்தை நீங்களாகக் குறைக்காமல் கிளினிக்கில் சொல்லி மாற்றுங்கள்.

உங்களுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மூடிய பொது இடங்களில் புகைக்கக் கூடாது. சாப்பாட்டுக் கடைக்குள் பக்கத்து மேசைக்காரர் பற்றவைத்தால் நிறுத்தச் சொல்லும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. அவர் கேட்காவிட்டால் பொலிசிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ முறையிடலாம். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதும் அதே சட்டத்தில் குற்றம். அப்பப்பாவுக்குப் பீடி வாங்கிவரப் பேரனைச் சந்திக் கடைக்கு அனுப்பும் வழக்கத்தை வீட்டிலேயே நிறுத்தலாம்.

இடையில் ஒரு நாள் தவறி மறுபடி பற்றவைத்துவிட்டால் அதை ஒளிக்க வேண்டாம். பலர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள். அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் 1948க்கு எடுங்கள். கிளினிக்குக்குப் போகும் அன்று டொக்டர் கேட்காவிட்டாலும் பீடி, வெற்றிலை, புகையிலை மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.