கதவைத் திறந்த மனு

நார்வேயில் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் பெண் யார் தெரியுமா? மரீ ஸ்போங்பெர்க். 1893-ல், இன்றைக்கு நாம் ஆஸ்லோ என்று சொல்கிற கிறிஸ்டியானியா நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துத் தேறினார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்குச் சும்மா திறந்துவிடவில்லை. செசிலியே தோரேசன் என்று ஒரு பெண். நுழைவுத் தேர்வு எழுதியே தீர வேண்டும் என்று அவருக்கு ஆசை. மகளுக்காக அப்பா அரசாங்கத்துக்கு மனுப் போட்டார். பெண்ணுக்கு அனுமதி தரச் சட்டத்தில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஹாக்பார்ட் பெர்னர் விடவில்லை. விஷயத்தைச் சபைக்குக் கொண்டுபோனார், 1882-ல் சட்டமே மாறியது! அதே ஆண்டு செசிலியே நாட்டின் முதல் பல்கலைக்கழக மாணவி ஆனார். அதோடு நின்றாரா? தோழிகளைத் திரட்டி, பெண்கள் கூடி விவாதிக்க 'ஸ்குல்ட்' என்றொரு மன்றமும் தொடங்கினார்.

அவர் நடந்த வழியில்தான் மரீ வந்தார், டாக்டரானார், கிறிஸ்டியானியாவில் நோயாளிகளைப் பார்த்தார். ஆனால் பாருங்கள், உயிரைக் காக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட உரிமை இல்லை. நார்வேப் பெண்கள் எல்லோருக்கும் அது கிடைக்க இன்னும் இருபது வருஷம் ஆனது.