குருதி சொல்லும் குறி

மாணவ நண்பர்களே, 2021ஆம் ஆண்டு மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கோவிட் கண்டதாகச் செய்தி வந்த மாதம் அது. வீட்டு அலமாரிகளில் மாத்திரை அட்டைகளோடு இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் சேர்ந்தன. சி. ஆர். பி., டி-டைமர், ஃபெரிட்டின், ஐ. எல். 6 என்ற பெயர்கள் டீக்கடைப் பேச்சிலும் அடிபட்டன. எண் ஏறினால் குடும்பமே கலங்கியது. இறங்கினால் சாமிக்கு விளக்கேற்றியது.

நோயாளி பிழைப்பாரா, மோசமாவாரா என்பதை ஒரு சொட்டுக் குருதியிலுள்ள ஒரு பொருளின் அளவு முன்கூட்டிச் சொல்லிவிடுமா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இயற்பியல் கற்பிப்பவன். மருத்துவம் என் துறையன்று. ஆயினும் இவ்வெண்களுக்குப் பின்னால் நிற்பவை உங்கள் பாடநூலிலுள்ள அரைவாழ்வும், ஒளிச்சிதறலும், நிகழ்தகவுமே. ஆகையால் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். நுரையீரலின் காற்றுப் பைகளில் கிருமிகள் பெருகி, அங்கே நீரும் வெள்ளணுக்களும் நிறைந்துவிடுவது நிமோனியா. கிருமிகளைக் கண்டதும் உடலின் காவற்படை சில வேதிச் செய்திகளைக் குருதியில் விடுக்கிறது. இச்செய்திகள் நுரையீரல் அளவில் நின்றுவிட்டால் நன்று. சிலருக்கு அவை கட்டுக்கடங்காமல் உடலெங்கும் பரவுகின்றன. இரத்தக் குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்த அழுத்தம் வீழ்கிறது. நுண் குழாய்களில் குருதி உறைகிறது. சிறுநீரகம், மூளை, இதயம் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. இந்நிலையே செப்சிஸ். கிருமியைக் காட்டிலும், கிருமிக்கு உடல் தரும் நிலைதவறிய பதிலே உறுப்புகளைக் கெடுக்கிறது என்பது 2016இல் வகுக்கப்பட்ட வரையறையின் சாரம். 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் 4 கோடியே 89 இலட்சம் பேருக்குச் செப்சிஸ் கண்டு, அவர்களுள் 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்தனர் என்பது ஒரு மதிப்பீடு. அதாவது, உலகில் நேர்ந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று.

எங்கள் மம்சாபுரம் போன்ற ஊரில் ஒருவருக்கு நிமோனியா வந்தால் ராஜபாளையத்திற்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ கொண்டு செல்வோம். அங்கிருந்து மதுரைப் பெரிய மருத்துவமனை சுமார் 75, 80 கிலோமீட்டர். யாரை உடனே மதுரைக்கு அனுப்புவது? யாரை இங்கேயே வைத்துப் பார்ப்பது? எல்லாரையும் அனுப்பினால் அங்கே கட்டில் போதாது. அனுப்ப வேண்டியவரை அனுப்பாவிட்டால் உயிர் போய்விடும். முன்னறிவிப்பு இங்கேதான் தேவைப்படுகிறது.

இனி, சி. ஆர். பி.யின் கதை. 1930இல் நியூயார்க்கிலிருந்த ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் குருதியை ஆராய்ந்தனர். நிமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற மாவுப்பொருளை நோயாளியின் குருதித் தெளிநீரில் சேர்த்தபோது கலங்கி வீழ்படிவு உண்டாயிற்று. நோய் தணிந்தபின் எடுத்த தெளிநீரில் அவ்வாறு கலங்கவில்லை! எதிர்ப்பொருள் என்றால் நோய் தீர்ந்தபின் கூடவேண்டும்; இதுவோ நோயோடு வந்து நோயோடு போகிறது. அது ஒரு புரதம் என்பதை அதே நிறுவனத்தில் மக்லியோடும் ஏவரியும் 1941இல் காட்டினர். (மரபுப் பொருள் டி. என். ஏ. என்பதை 1944இல் நிறுவியவர்களும் இவ்விருவரும் மக்கார்ட்டியும்தாம். அதற்கும் இதே நிமோகாக்கஸ்தான் உதவியது. மனிதனை வாட்டிய ஒரு கிருமி அறிவியலுக்கு இவ்வளவு கொடுத்திருக்கிறது!)

சி. ஆர். பி.யை உற்பத்தி செய்வது கல்லீரல். ஐ. எல். 6 என்ற வேதிச் செய்தி வந்ததும் உற்பத்தி தொடங்கும். நலமாயுள்ள பெரும்பாலோர்க்கு அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கும் குறைவு. கடும் தொற்றில் 300, 400 என்றுகூட ஏறும்.

இப்போது ஒரு கண்மாயை எண்ணிப் பாருங்கள். மலையில் பெய்யும் மழை கண்மாய்க்கு வரத்து. மடை திறந்தே இருக்கிறது; நீர்மட்டம் உயர உயர வெளியேறும் நீரும் கூடுகிறது. மடையை யாரும் தொடாவிட்டால், கரையில் நின்று மட்டத்தைப் பார்த்தே மலையில் எவ்வளவு மழை என்று ஊகிக்கலாம். சி. ஆர். பி.யின் கதையும் இதுவே. அது குருதியிலிருந்து நீங்கும் அரைவாழ்வு ஏறத்தாழ 19 மணி. நோயாளிக்கும் நலமாயிருப்பவருக்கும் இது மாறுவதில்லை. மடை மாறாததால், மட்டம் காட்டுவது வரத்தை மட்டுமே, அதாவது கல்லீரலின் உற்பத்தியை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 240 மில்லிகிராம் இருக்கிறது. மருந்து வேலை செய்து உற்பத்தி அடியோடு நின்றுவிட்டதென்று கொள்வோம். 19 மணியில் 120, 38 மணியில் 60, 57 மணியில் 30, 76 மணியில் 15. கதிரியக்கப் பாடத்தில் வரும் அதே வளைகோடு. உற்பத்தி ஒரேயடியாக நிற்பதில்லை. எனவே உண்மையில் இறக்கம் இதைவிட மெதுவாகவே இருக்கும். ஆனால் மூன்று நாள் மருந்து கொடுத்தும் எண் 240இலேயே நின்றால்? மலையில் மழை ஓயவில்லை என்று பொருள். மருந்து சரியா, வேறெங்கேனும் சீழ் தேங்கியிருக்கிறதா என்று மருத்துவர் தேடவேண்டும். ஆகவே முதல்நாள் எண்ணைவிட மூன்றாம் நாள் எண்ணே அதிகம் பேசுகிறது. ஒற்றைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குவோர் இதனை அறிந்திருந்தால் நன்று.

இதனை அளப்பதும் இயற்பியலே. சி. ஆர். பி.யைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை நுண்ணிய லேடக்ஸ் மணிகளின்மேல் பூசிக் குருதித் தெளிநீரில் இடுகிறார்கள். மணிகள் கைகோத்துக் கொத்துக் கொத்தாகின்றன, நீர் கலங்குகிறது, ஊடுருவும் ஒளி குறைகிறது. குறைவை ஒளிமின்கலம் அளக்கிறது. சன்னல் வழி வரும் வெயிலில் தூசி மின்னும் டிண்டால் விளைவின் உறவினன்தான் இது.

அடுத்த குறியைச் சொல்லுமுன் ஸ்ரீவில்லிபுத்தூரின் பாலை நினைப்போம். பால்கோவாவாகாமல் புளித்துப்போன பாலிலிருந்து 1780இல் சுவீடன் நாட்டு ஷீலே ஓர் அமிலத்தைப் பிரித்தார். அதுவே லாக்டிக் அமிலம். 1843இல் ஜெர்மானியரான ஷேரர், பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் குருதியில் அதே அமிலத்தைக் கண்டார். செப்சிஸும் லாக்டேட்டும் அன்றே சந்தித்துவிட்டன. உயிரணுவுக்குப் பிராணவாயு போதாதபோது குளுக்கோசை அரைகுறையாக உடைத்து லாக்டேட்டை உண்டாக்குகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுதும் எரிந்தால் 30 ஏ. டி. பி. அளவில் கிட்டும், அரைகுறையாக உடைந்தால் இரண்டே இரண்டு. லாக்டேட் ஏறக் காரணம் பிராணவாயுக் குறைவு மட்டுமன்று. உடலில் அட்ரினலின் வெள்ளமெனப் பாய்வதும், கல்லீரல் தளர்ந்து லாக்டேட்டை அகற்ற இயலாமற் போவதும் காரணங்களே. சாதாரணமாக லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழ் இருக்கும். போதிய திரவம் ஏற்றியபின்னும் லாக்டேட் 2க்கு மேல் நின்று, இரத்த அழுத்தத்தைத் தாங்க மருந்தும் தேவைப்பட்டால் அது செப்டிக் ஷாக்; அந்நிலையை அடைவோரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மருத்துவமனையிலேயே இறக்கின்றனர்.

புரோகால்சிடோனின் என்பது மூன்றாவது குறி. நலமாயிருக்கும்போது தைராய்டில் ஒரு ஹார்மோனுக்கு மூலப்பொருளாக இருந்து, குருதியில் தலைகாட்டாமல் வாழும் புரதம் இது. பாக்டீரியாத் தொற்றில் உடலின் பல திசுக்களும் இதனை உற்பத்தி செய்கின்றன. தொற்று கடுமையானால் அளவு மிக ஏறுவதாகப் பாரிஸ் நகர ஆய்வாளர்கள் 1993இல் அறிவித்தனர். வைரஸ் தொற்றில் இது அவ்வளவாக ஏறாது. ஆண்டிபயாட்டிக்கை எப்போது நிறுத்தலாம் என்று அறிய இது பயன்படுகிறது. 2016இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், இதன் அளவு உச்சத்திலிருந்து 80 விழுக்காடு குறைந்ததும் மருந்தை நிறுத்தலாம் என்ற விதியைப் பின்பற்றியோருக்கு மருந்து நாட்கள் குறைந்தன. இறப்பு கூடவில்லை, குறைந்தே இருந்தது.

இவ்வளவு குறிகள் இருந்தும் ஏன் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை? கணக்கிற்காக 1,000 நிமோனியா நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். அவர்களுள் 100 பேர் மோசமாகப் போகிறவர்கள். ஒரு பரிசோதனை இந்த 100 பேரில் 80 பேரைச் சரியாகச் சுட்டுகிறது. மற்ற 900 பேரில் 180 பேரைத் தவறாகச் சுட்டுகிறது. மோசமில்லாத பரிசோதனைதான்! ஆனால் அபாயம் என்று முத்திரை விழுந்தவர் மொத்தம் 260 பேர். அவர்களுள் உண்மையில் மோசமாவோர் 80 பேர், மூன்றில் ஒருவரும் இல்லை. அபாயமில்லை என்று சொல்லப்பட்ட 740 பேரிலும் 20 பேர் தவறிப்போகிறார்கள். லேசான காய்ச்சல்காரர்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தால் பொய்யெச்சரிக்கை இன்னும் பெருகும். டெல்லி எய்ம்ஸ் இயக்குநராயிருந்த ரந்தீப் குலேரியா, லேசான கோவிட் நோய்க்கு இத்தகைய குருதிப் பரிசோதனைகளும் சி. டி. ஸ்கேனும் வேண்டா என்று 2021 மே மாதம் எச்சரித்ததன் அடிப்படையும் இதுவே. உடலில் எங்கு அழற்சி இருந்தாலும் சி. ஆர். பி. ஏறும், பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும்.

சரியான ஆளிடம் கேட்டால் அதே எண் உயிர் காக்கவும் செய்யும். பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், குருதியில் பிராணவாயு குறைந்து, சி. ஆர். பி. 75க்கு மேல் இருந்த கோவிட் நோயாளிகளுக்கு மட்டும் டோசிலிசுமாப் என்ற மருந்து தரப்பட்டது. 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 35இலிருந்து 31ஆகக் குறைந்தனர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இம்மருந்து ஐ. எல். 6இன் செய்தியையே மறித்துவிடுவதால், கல்லீரலுக்கு ஆணை போகாது, சி. ஆர். பி. விறுவிறுவென்று இறங்கும். புதிதாக வேறொரு கிருமி புகுந்தாலும் எண் ஏறாது. அளவுமானியின் முள்ளைக் கட்டிப்போட்டுவிட்டு மின்னோட்டம் இல்லை என்று சொல்வது போலாகும்.

பரிசோதனைக் கூடமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? நிமோனியாவுக்கு 2003இல் வகுத்த ஐந்து அடையாளங்களுள் குருதி தேவைப்படுவது ஒன்றுக்கே; அதுவும் மலிவான யூரியாப் பரிசோதனை. மற்றவை: வயது 65 அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தம் குறைதல், நிமிடத்திற்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், நினைவு தடுமாறுதல். 'ஜன்னி கண்டுவிட்டது' என்று நம் பாட்டிமார் அஞ்சியது இந்தக் கடைசி அடையாளத்தையே. மூச்சை எண்ண உங்களுக்கு ஒரு கைக்கடிகாரம் போதும்.

2019இல் வெளியான தென் அமெரிக்க ஆய்வு ஒன்று இன்னும் சுவையானது. 5 நாடுகள், 28 மருத்துவமனைகள், 424 செப்டிக் ஷாக் நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு லாக்டேட் எண்ணைப் பார்த்துச் சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு விரல்நுனியைப் பார்த்து. கண்ணாடித் துண்டால் விரல்நுனியைப் பத்து நொடி அழுத்தி, வெளுத்த இடம் மீண்டும் சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். 3 நொடிக்கு மேல் ஆனால் குருதியோட்டம் போதவில்லை. லாக்டேட் பிரிவில் நூற்றுக்கு 43 பேரும், விரல்நுனிப் பிரிவில் 35 பேரும் இறந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடியதே என்று ஆய்வாளர்கள் கணித்ததால், விரல்நுனி வென்றது என்று சொல்வதற்கில்லை; தோற்கவில்லை என்று சொல்லலாம். அந்தச் சோதனைக்கு வேண்டியவை ஒரு கண்ணாடித் துண்டும் நொடி எண்ணத் தெரிந்த ஓர் ஆளும்.