காரணம் தெரியாத வலிப்பு: பார்த்தவர் சொல்வதே பாதி வைத்தியம்

சில காலத்திற்கு முன்னர் இங்கு புரொண்பியில் எம்மவர் வீட்டு விழாவொன்றில் ஒரு பெண் திடீரெனக் கீழே விழுந்து, கைகால்கள் உதறத் தொடங்கின. ஒருவர் ஓடிவந்து திறப்புக்கோர்வையை அவரது கையில் திணித்தார். இன்னொருவர் வாயைத் திறக்கக் கரண்டி தேடினார். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் வைத்தியசாலையில் கேட்ட கேள்விகளுக்கு எம்மிடம் விடையில்லை. எவ்வளவு நேரம் நீடித்தது? கண்கள் திறந்திருந்தனவா, மூடியிருந்தனவா? எந்தப் பக்கம் முதலில் உதறியது? பத்துப் பேர் சுற்றி நின்றோம், ஒருவரும் கவனிக்கவில்லை.

வலிப்பு வந்தால் அது காக்கை வலிப்புத்தான் என்று நாம் முடிவுகட்டி விடுகிறோம். உண்மை அப்படியல்ல. இருதயத் துடிப்பின் கோளாறு, இரத்தத்தில் சீனி அல்லது உப்பின் அளவு மிகவும் குறைதல், சாதாரண மயக்கம் ஆகியவற்றிலும் கைகால்கள் உதறலாம். அதனால்தான் இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுக்கிறார்கள். மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் பார்ப்பார்கள். மூளையின் மின்னலைகளை ஈ.ஈ.ஜி. பதிவு செய்யும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஈ.ஈ.ஜி. பொதுவாக அரை மணி நேரம் வரையே எடுக்கப்படும். அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் பதிவும் சரியாகவே இருக்கும். ஆகவே "ஒன்றுமில்லை" என்ற முடிவு வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமில்லை. தேவைப்பட்டால் இரவு தூங்காமல் வரச்சொல்லி மீண்டும் எடுப்பார்கள். அதுவும் போதாவிட்டால் பல நாட்கள் தங்கவைத்து, கமராவையும் ஈ.ஈ.ஜி.யையும் ஒன்றாக ஓடவிட்டு, வலிப்பு வரும் தருணத்தையே பிடிப்பார்கள். டயனாலுண்டிலுள்ள பிலடெல்பியா வைத்தியசாலை இதற்குப் பெயர்பெற்றது. 1897இல் தொடங்கப்பட்ட அது வலிப்பு நோய்க்கென்றே உள்ள சிறப்பு வைத்தியசாலை.

அப்படிப் பார்க்கும்போது சிலருக்கு வலிப்பு வரும் வேளையில் மின்னலைகளில் மாற்றமே இருக்காது. இதனைத் தொழிற்பாட்டு வலிப்பு என்கிறார்கள். இது நடிப்பு அல்ல. அவர் விரும்பி வரவழைப்பதும் அல்ல. எல்லோருக்கும் இல்லாவிட்டாலும், பலருக்குப் பழைய அதிர்ச்சிகள் பின்னணியில் இருக்கும். போரைக் கடந்துவந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வலிப்பு மாத்திரைகள் இதற்கு உதவாது, பேச்சுவழிச் சிகிச்சையே உதவும். ஜேர்மனியின் பொன் நகரில் செய்யப்பட்டு 2002இல் வெளியான ஆய்வொன்றில், சரியான பெயர் கிடைக்க நோயாளிகள் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது தெரியவந்தது. அத்தனை வருடங்கள் தேவையற்ற மாத்திரை! ஆனால் இரு வகை வலிப்பும் ஒருவருக்கே இருக்கலாம். எனவே வைத்தியரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

இந்தக் காலத்தை நாமும் குறைக்கலாம். வலிப்பு வந்தால் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். அருகிலுள்ள கூர்மையான பொருட்களை அகற்றி, தலைக்குக் கீழே மெதுவான துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், திறப்பும் வேண்டாம் (அந்த இரும்பு ஒருவரையும் குணமாக்கியதில்லை). உதறல் அடங்கியதும் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, முதற்தடவை வந்ததென்றாலோ 112ஐ அழையுங்கள். இன்னொருவர் கைத்தொலைபேசியில் வீடியோ எடுக்கட்டும். அந்த நேரத்தில் படம் பிடிப்பது மரியாதையில்லை என்று தோன்றும். ஆனால் நிபுணருக்கு அந்த ஒரு நிமிட வீடியோ பல பக்க அறிக்கையைவிடப் பெறுமதியானது. அவரது கண்களும் முகமும் தெரியவேண்டும். பிறருக்கு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

குடும்ப வைத்தியரிடம் போகும்போது திகதி, நேரம், முதல்நாள் தூக்கம், சாப்பாடு, மதுபானம், எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். வலிப்பை நேரில் பார்த்தவரையும் கூட்டிச் செல்லுங்கள். கல்யாணம் பேசும் வயதுப் பிள்ளை என்று மறைக்கும் பெற்றோரை நாம் அறிவோம். மறைத்தால் வைத்தியரும் இருட்டிலேயே தேடுவார். டெனிஷ் மொழி சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முன்கூட்டியே சொல்லுங்கள். தாயின் வலிப்பைப் பத்து வயது மகள் மொழிபெயர்ப்பது சரியல்ல.

இன்னொன்று. வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டால், மருத்துவரீதியில் இயலுமான வரை 30 நாட்களுக்குள் நோயைக் கண்டறியும் உரிமை டென்மார்க்கில் உண்டு. முடியாவிட்டால் அடுத்து என்ன பரிசோதனை, எப்போது, எங்கே என்ற திட்டத்தைத் தரவேண்டும். தராவிட்டால் தயங்காமல் கேளுங்கள். பதில் வரும்வரை தனியே நீந்துவதையும், கதவைப் பூட்டிக் குளிப்பதையும் தவிருங்கள். வாகனம் ஓட்டலாமா என்பதை வைத்தியரே சொல்லவேண்டும், அதுவரை எஸ்-ரயில் இருக்கிறது.