தண்டவாளம் போன வழியில் சைக்கிள்

வட இத்தாலியின் டொலமைற் மலைகளுக்கிடையே, தொப்பியாக்கோவிலிருந்து கோர்த்தினா வரை சுமார் 30 கிலோமீற்றர் சைக்கிள் ஓடினேன். வாகனங்கள் ஓடும் வீதியிலிருந்து விலகிய தனிப்பாதை அது. சிறுவர்களும் வயதானவர்களும் பயமின்றி ஓடுகிறார்கள்.

இடையில் 1,530 மீற்றர் உயரத்தில் கணவாய் ஒன்று வருகிறது. ஆனாலும் எனக்கு மூச்சு வாங்கவில்லை. காரணம், இது பழைய புகையிரதப் பாதை. புகையிரதம் செங்குத்தாக ஏறாது. அதனால் மெதுமெதுவாக உயரும்படியே வழியை அமைத்திருந்தார்கள். 1964இல் சேவை நின்றது. தண்டவாளம் கிடந்த இடம் பின்னர் சைக்கிள்களுக்கானது.

இந்தப் பாதை போரில் பிறந்தது. முதலாம் உலகப் போரில், 1915 முதல், இத்தாலியும் ஒஸ்திரிய-ஹங்கேரியும் இம்மலைகளில் மோதின. இராணுவத் தேவைக்காகவே இங்கே தண்டவாளம் போடத் தொடங்கினார்கள்.

பாதையோரம் ஒஸ்திரிய-ஹங்கேரிப் படையினரின் மயானம் இருக்கிறது. அவர்கள் தோற்ற தரப்பு. நிலமும் இத்தாலிக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த மயானம் இன்றும் பேணப்படுகிறது. சைக்கிளை நிறுத்தி இறங்கினேன். வரிசையாக நின்ற சிலுவைகளைப் பார்த்தபோது, எங்கள் ஊரில் கல்லுக்கல்லாய்ச் சிதறிக் கிடந்த துயிலுமில்லம்தான் கண்முன் வந்தது.