கண்ணாடிக்குப் பின்னே இருக்கும் மீனைத் தெளிவாகப் படம் எடுப்பது எப்படி?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு வரிசையில் ஓர் அக்காள் இருக்கிறார். அவர் வீட்டு முன்கூடத்தில் ஒரு பெரிய தொட்டி. அதில் ஓர் அரோவானா. மலாய்க்காரர்கள் கெலிசா என்பார்களே, அந்த மீன்தான். ஓர் இரவு அக்காள் கைத்தொலைபேசியில் படம் அனுப்பி, "தம்பி, மீன் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியா இருக்கு. மருந்து ஊத்தட்டுமா?" என்று பதறினார். படத்தில் புள்ளிகள் இருந்தது உண்மை. மீன் மேல் மட்டுமல்ல, தண்ணீரெங்கும் இருந்தன! "அக்கா, மருந்தைக் கீழே வைங்க. பிளாஷை நிறுத்திட்டு இன்னொரு படம் எடுங்க" என்றேன். அடுத்த படத்தில் மீன் பளிச்சென்று இருந்தது. முதல் படத்தில் கண்டவை நீரில் மிதந்த தூசிகள். பிளாஷ் ஒளி பட்டு வெண்புள்ளியாக மின்னின.

ஒரு மோசமான படம் நல்ல மீனுக்கு வீண் மருந்தைக் கொடுத்திருக்கும். உண்மையான வெண்புள்ளி நோயைத் தெளிவில்லாத படம் மறைத்துவிடவும் கூடும். ஆகவே இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதி அல்ல.

கண்ணாடி செய்யும் வேலை

கண்ணாடியின் முன்பரப்பு, தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. அறையில் விளக்கு எரிந்தால் அந்த 4 விழுக்காடே உங்கள் முகத்தையும் சட்டையையும் மீனின் மேல் கொண்டுவந்து ஒட்டிவிடும். எனவே முதல் விதி: அறை இருட்டாகவும் தொட்டி வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது விதி: கண்ணாடிக்கு நேர் எதிரே நில்லுங்கள். சாய்ந்து எடுத்தால் மீனிலிருந்து வரும் ஒளி நீரையும் கண்ணாடியையும் கடக்கும்போது வளைகிறது. ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவில் வளைகிறது. அதனால்தான் செதில் ஓரத்தில் நிறக்கசிவும் மங்கலும் தெரிகின்றன.

மூன்றாவது விதி: கைத்தொலைபேசியை மெதுவாகக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். கேமராவாக இருந்தால் லென்ஸின் முனையில் ரப்பர் வளையம் மாட்டி ஒட்டலாம். ஒட்டிய இடத்தில் வெளி வெளிச்சம் நுழையாது, பிரதிபலிப்பும் இராது. போலராய்சர் வடிகட்டி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது சாய்வாக வரும் பிரதிபலிப்பைத்தான் வெட்டும். நேராக நிற்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை, வெளிச்சமும் குறைந்துவிடும்.

எடுப்பதற்கு முன்

கண்ணாடியின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டாம். அது உள்ளே போனால் மீனுக்கு ஆபத்து. உட்புறப் பாசியைத் தேய்த்தால், கலங்கிய தூசி அடங்கும்வரை பொறுத்திருங்கள். காற்றுக் குமிழிகள் குறுக்கிட்டால் காற்றுக் குழாயைச் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்தலாம். மறுபடி திறந்துவிட மறக்காதீர்கள்.

நீந்தும் மீனுக்கு ஷட்டர் வேகம் 1/125 வினாடியாவது வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ. அளவைக் கூட்டுங்கள். படத்தில் வரிவரியாகக் கோடு விழுந்தால் அது விளக்கின் மினுக்கல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/100 வினாடி வைத்துப் பாருங்கள். குவியத்தை எப்போதும் மீனின் கண்ணில் வையுங்கள். இல்லாவிட்டால் கேமரா கண்ணாடிக் கீறலைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்குவோர் கவனத்துக்கு

ஜோகூரில் பத்து பகாட் வட்டாரம் அரோவானா பண்ணைகளுக்குப் பேர்போனது. இந்த ஆசிய அரோவானா, சைட்ஸ் என்னும் அனைத்துலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் பாதுகாக்கப்பட்ட இனம். பதிவு பெற்ற பண்ணையில் வளர்ந்து விற்பனைக்கு வரும் மீனின் உடலில் மைக்ரோசிப் இருக்கும். கூடவே சான்றிதழும் இருக்கும். படத்தில் தெரியும் சிவப்பையும் பொன்னிறத்தையும் மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். செந்நிற விளக்கின் கீழ் எந்த மீனும் சிவப்பாகத்தான் தெரியும். வெள்ளை விளக்கில் எடுத்த படத்தைக் கேளுங்கள், சான்றிதழையும் கேளுங்கள்.

மீனுக்கு இமை இல்லை

கோலாலம்பூரில் 2003ஆம் ஆண்டு திறந்த அக்குவேரியா கே.எல்.சி.சி.க்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். நீரிணையைத் தாண்டினால் சிங்கப்பூரில் 2025இல் புதுப்பொலிவுடன் திறந்த ஓஷனேரியம் இருக்கிறது. சுரங்கப்பாதையின் வளைந்த சுவர் உருவத்தைத் திரித்துக் காட்டும். தட்டையான சுவரின் முன் நின்று எடுத்தால் படம் தெளிவாக வரும். அங்கேயும் பிளாஷ் வேண்டாம். கண்ணாடியைத் தட்டவும் வேண்டாம். நமக்குக் கண் கூசினால் இமையை மூடிக்கொள்கிறோம். மீனுக்கு அந்த வசதி இல்லை. அரோவானாவோ மிரண்டால் எகிறிக் குதிக்கும் இனம். தொட்டி மூடியில் மோதிக் காயம்பட்டுவிடும்.

ஆகவே நேயர்களே, அறை விளக்கை அணையுங்கள், நேராக நில்லுங்கள், கண்ணாடியோடு ஒட்டுங்கள், பொறுமையாகக் காத்திருங்கள். மீன் தானாக உங்கள் பக்கம் திரும்பும். அப்போது எடுக்கும் படம் அழகாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும். எங்கள் அக்காள் இப்போது வாரம் ஒரு படம் எடுத்து வைக்கிறார். மீன் நலமாக இருக்கிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டு அவரே சொல்லிவிடுகிறார்.